எங்களுக்கும் ஒரு கடல்

அன்னவாசலுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் தவறில்லை. எங்கள் ஊரைச் சுற்றிப் பாறையும் செம்மண்ணும் நிலக்கடலைக் கொல்லையும் வானம் பார்த்த கண்மாய்களுமே காணக் கிடைக்கும். ஆண்டு முழுவதும் வற்றாத குளம் என்று வெளியூராருக்குப் பெருமையோடு காட்ட எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் உள்ளது. அதுவும் அருகிலுள்ள சித்தன்னவாசல் குகைக்கோயிலின் மேற்கூரையில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் தீட்டப்பெற்ற அந்தத் தாமரைக் குளத்தில் மீன்கள் இன்றும் நீந்திக்கொண்டிருக்கின்றன. சித்திரை வெயிலில் எங்கள் வட்டாரத்து மீனைக் காண விரும்புவோர் குனிந்து பார்த்துப் பயனில்லை. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

இத்தகைய எங்களுக்கு 1974ஆம் ஆண்டு பொங்கலன்று ஒரு கடல் கிடைத்தது. புதுக்கோட்டை தனி அரசாக இருந்த காலத்தில் அதற்குக் கடற்கரை கிடையாது. 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானபோதும் எங்களுக்குக் கடல் வரவில்லை. 1974 சனவரி 14 அன்று, தஞ்சை மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பகுதியையும் சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பட்டபோதுதான், கட்டுமாவடி, மணமேல்குடி, செகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று நீளும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் கரை எங்கள் மாவட்டக் கணக்கில் வந்து சேர்ந்தது. பெண்ணும் பார்க்காமல், பூவும் வைக்காமல், அரசாணை ஒன்றினாலேயே முடிந்த திருமணம் அது. எங்கள் ஊரில் பெரும்பாலோர் மணப்பெண்ணின் முகத்தைப் பல ஆண்டுகள் வரை பார்த்ததே இல்லை. கருவாட்டுச் சந்தையில் அவளுடைய வாசனையை மட்டும் அறிந்திருந்தார்கள்.

எனக்கு அந்த முகத்தைப் பார்க்கும் பேறு 1986இல் கிட்டியது. கோட்டைப்பட்டினத்திற்கும் செகதாப்பட்டினத்திற்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு ஆசிரியையாக அனுப்பப்பட்டேன். "அலைக்குப் பக்கத்தில் போகாதே, இழுத்துக்கொண்டு போய்விடும்" என்று என் தாயார் பேருந்து நிலையம் வரை வந்து எச்சரித்து அனுப்பினார். அங்குப் போய்ப் பார்த்தால் அலையே இல்லை. எங்கள் ஊர்க் கண்மாய் நிரம்பிய ஆண்டில் காற்றடித்தால் எவ்வளவு அசையுமோ, அவ்வளவே அசைந்தது. முழங்கால் அளவு நீரில் ஒருவர் நெடுந்தூரம் நடந்து போய்க்கொண்டிருந்தார். இதுவா கடல் என்று நான் நின்றபோது, எனக்கு வாடகைக்கு அறை கொடுத்த மூதாட்டி சிரித்தார்.

"இது பொம்பளக் கடலு, டீச்சரம்மா. சும்மா சும்மா சத்தம் போடாது. ராமேசுவரத்துக்கு அந்தாண்ட ஆம்பளக் கடலு கெடக்கு, அது ராவும் பகலும் கத்திக்கிட்டே இருக்கும்."

ஆழம் குறைந்து, இலங்கைத் தீவின் மறைவில் அடங்கிக் கிடக்கும் பாக் விரிகுடாவை நம் மக்கள் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்லுவது பழைய வழக்கு. 2004 திசம்பர் 26 அன்று நாகைக் கரையைப் புரட்டிப்போட்ட ஆழிப்பேரலை இக்கரையில் அவ்வளவு கொடுமை செய்யாமல் தணிந்ததற்கும், குறுக்கே நின்ற அந்தத் தீவு ஒரு காரணம். ஆனால் பெண் கடலுக்குச் சினமே வராது என்று எண்ணிவிட வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டுப் புதுக்கோட்டை நகரத்து மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போயிற்று. எங்களுக்குக் கடல் இருக்கிறது என்று உள்நாட்டார் அனைவரும் ஒருங்கே உணர்ந்த இரவு அதுதான்.

வகுப்பறையில் என் கல்வி வேறு வகையில் தொடங்கியது. சூரியனை நோக்கி நின்றால் முன்னே கிழக்கு, பின்னே மேற்கு என்று பாடம் நடத்திவிட்டு, வடக்கு எது என்று கேட்டேன். "வாடை" என்றான் ஒருவன். தெற்கு? "சோழகம்." கிழக்கு கொண்டல்; மேற்கு கச்சான். அவர்களுக்குத் திசை என்பது காற்று வரும் வழி. அஞ்சலகத்துக்கு வழி கேட்டாலும், "நேரே வாடைக்குப் போயி, கச்சான் பக்கம் திரும்புங்க" என்பார்கள். பாடநூலின் நான்கு திசைகள் அசையாமல் நிற்பவை. அவர்களுடைய நான்கும் நாள்தோறும் நடமாடுபவை. எது மிகுந்த அறிவு என்று இன்றும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

மழையைப் பற்றியும் எனக்கும் அவ்வூருக்கும் உடன்பாடு ஏற்படவே இல்லை. அன்னவாசலில் மேகம் கறுத்தால் முதியவர்கூட முற்றத்துக்கு வந்து நின்று பார்ப்பார். அங்கோ மேகம் கறுத்தால் முகமும் கறுக்கும். 'மழையின் பயன்கள்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, ஒரு சிறுமி இரண்டே வரி எழுதிக் கொடுத்தாள்: மழை பெய்தால் அப்பா வீட்டில் இருப்பார், மழை பெய்தால் கருவாடு காயாது. ஒரு பயன், ஒரு தீமை. என் ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம் நிரப்பும் தலைப்புக்கு இவ்வளவு சுருக்கமான, நேர்மையான விடையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

வெள்ளிக்கிழமைச் செய்தியையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நமக்கு அந்நாள் ஒறுத்தல் நாள்; புலால் விலக்கி, தவக்காலத்தில் அதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிப்போம். மீனுக்கு மட்டும் விலக்கு இல்லை. அன்னவாசலில் மீன் கிடைப்பதே அரிது என்பதால் இந்தச் சலுகை எங்களுக்குப் பயன்பட்டதில்லை. கடற்கரைக்குப் போன முதல் தவக்கால வெள்ளியன்று, "இன்று எங்களுக்குக் கறி ஆகாது, ஆத்தா, மீன் ஆகும்" என்று மூதாட்டியிடம் விளக்கினேன். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "ஏன் டீச்சரம்மா, மீனு புடிக்கிற நாங்களே வெள்ளிக்கெழம மீன் தொடமாட்டோம். நீங்க தவம்னு சொல்லிக்கிட்டு ஓராவும் கொடுவாவும் திம்பீங்களாக்கும்?" மறுமொழி எனக்குத் தோன்றவில்லை. அவ்வூரில் இருந்த ஆண்டுகளில் வெள்ளிதோறும் அவர் வைத்த முருங்கைக்கீரையே எனக்கும் உணவாயிற்று.

மற்ற நாட்களில் மீனுக்குப் பஞ்சமில்லை. அதை விலைகொடுத்து வாங்க முடியாதது ஒன்றே குறை. படகு கரை சேர்ந்ததும் ஏலக்காரர் குரல் எழுப்புவதற்கு முன்பே, படகில் போன ஒவ்வொருவருக்கும் வீட்டுக் குழம்புக்கென்று ஒரு பங்கு மீன் ஒதுக்கப்படும். எஞ்சியதே விலைக்குப் போகும். அதிலும் எண்ணெய்ச் செலவும் பனிக்கட்டிச் செலவும் கழிந்த பிறகே உடையவரும் உழைத்தவரும் பிரித்துக்கொள்வார்கள். படகை இழுக்கக் கைகொடுத்த சிறுவர்கள் கிண்ணத்தோடு நிற்பார்கள். அவர்களுக்கும் ஒரு கை அள்ளி விழும். இவற்றுக்கிடையே ஓர் ஓலைப்பெட்டி பேச்சின்றி நிரம்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவருடைய வீட்டுப் பெட்டி அது. யாரும் அதைத் தருமம் என்று சொல்லவில்லை. அந்த அம்மையாரும் நன்றி சொல்லவில்லை. பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு மீன் சிறுத்துவிட்டது என்று குறைகூடச் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் குறை சொல்லும் உரிமையைக் கண்டுதான் நான் வியந்தேன்.

எனக்கும் அவ்வாறே வீட்டுக்கு மீன் வந்தது. காசு நீட்டினால் கோபித்துக்கொண்டார்கள். ஆகவே விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு மூட்டை நிலக்கடலை கொண்டுவரலானேன். கடல் கொடுத்தவர்களுக்குக் கடலை கொடுத்தேன். கணக்கு ஒருவாறு நேராயிற்று. திரும்பிப் போகும்போது அவர்கள் கட்டிக்கொடுக்கும் கருவாட்டுப் பொட்டலம் அறந்தாங்கிப் பேருந்தில் ஏறியதுமே தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். நடத்துநர் என் பையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், பிறகு சன்னலைத் திறப்பார். எனக்குப் பக்கத்து இருக்கை புதுக்கோட்டை வரை காலியாகவே வரும். இரண்டு பேர் இருக்கும் இடத்தில் ஒருத்தியாக அமர்ந்து வந்த அந்தச் சுகத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனினும் அவ்வூரில் சிரிப்பு நின்றுபோகும் ஒரு பொழுது உண்டு. பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். முறைநாளில் போன விசைப்படகுகள் மறுநாள் காலையில் திரும்ப வேண்டும். திரும்பும் வேளை தாண்டினால் பெண்கள் ஒவ்வொருவராகக் கரைக்கு வருவார்கள். "வரவில்லை" என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லுவதில்லை. "இன்னும் நேரமிருக்கு" என்பதே அங்கு வழங்கும் சொல். நடுப்பகலிலும் அதையே சொல்லுவார்கள். விளக்கு வைத்த பிறகும் அதையே சொல்லுவார்கள். மறுநாள் வகுப்பில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்து, எந்த வீட்டுப் படகு என்று நான் அறிந்துகொள்வேன்.

எங்களுக்குக் கடல் தந்த அதே 1974ஆம் ஆண்டு, சூன் மாதத்தில், அந்தக் கடலின் குறுக்கே ஒரு கோடும் இழுக்கப்பட்டது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கச்சத்தீவு கோட்டுக்கு அப்பால் போயிற்று. 1976இல் நடந்த கடிதப் பரிமாற்றம் கோட்டைத் தாண்டி மீன்பிடிப்பதை விலக்கியது. நிலத்தில் எல்லை என்றால் கல் நடலாம். எங்கள் ஊரில் வரப்புக்காக வழக்காடாத குடும்பம் குறைவு. நீரில் எதை நடுவது? மீன் அந்தக் கோட்டை அறியாது. ஆனால் மீனவர் அறிவார். கையில் கருவியும் வைத்திருக்கிறார். இக்கரைப் பக்கம் மீன் குறைந்ததனால் அறிந்தே தாண்டுகிறவர்களும் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. இந்தப் படகுகளின் இழுவை மடி கடலடியை வழித்தெடுப்பதாலும் தங்கள் வலைகளை அறுத்துவிடுவதாலும் நொந்துபோயிருக்கும் அக்கரை மீனவர்களும் தமிழ் பேசுகிறவர்களே; போரினால் பல்லாண்டுகள் கடலில் இறங்க இயலாமல் இருந்தவர்கள். இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இங்கிருந்து போன படகுகள் பிடிபடுவதும், ஆட்கள் சிறையிலிருந்து திரும்பினாலும் படகுகள் திரும்பாமல் போவதும் அடிக்கடி நிகழ்கின்றன. 2021 சனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற படகொன்று இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதுண்டு மூழ்கியதில் நால்வர் மாண்டனர். யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், இரண்டு கரையிலும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு நிற்கும் பெண்கள் பக்கம் என்பேன்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும் அந்தக் கோடு சற்று நெகிழ்கிறது. போர்க்காலத்தில் தடைப்பட்டிருந்த அவ்விழா மீண்டும் தொடங்கிய பின், தவக்காலத்தை ஒட்டி இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்தும் படகுகள் போகின்றன. சிலுவைப்பாதையில் இரு கரையாரும் ஒன்றாக நடக்கிறார்கள். இடைவேளையில் சோப்பும் தைலமும் கைமாறுவதாகவும் கேள்வி. அந்தோணியார் காணாமற்போன பொருளைக் கண்டெடுத்துத் தருபவர் என்பது நம் நம்பிக்கை. காணாமற்போன படகுகளையும் அவரிடமே கேட்கிறார்கள். அவருக்கு வேலை மிகுதிதான்.

நான் பணி ஓய்வு பெற்ற பிறகும் ஆண்டுக்கொருமுறை அங்குப் போய்வருகிறேன். பெரும்பாலும் மீன்பிடித் தடைக்காலத்தில் போவேன். முன்பு 45 நாளாக இருந்து 2017 முதல் 61 நாளாகிவிட்ட அந்தத் தடை, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கிச் சூன் 14 வரை நீள்கிறது. மீன் இனம் பெருகட்டும் என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. படகுகள் கரையேறி வண்ணம் பூசிக்கொள்ளும். திருமணங்கள் நடக்கும். ஆண்கள் வலை பின்னியபடி வீட்டிலேயே இருப்பார்கள், அங்குதான் தொல்லை. "கடலுக்குப் போனா வயித்துல நெருப்பு, வீட்டுல இருந்தா தலையில நெருப்பு. இந்தக் கொழம்புல உப்பு எங்கேன்னு இன்னக்கி மூணாவது தடவ கேக்குறாரு" என்று என் முன்னாள் மாணவி ஒருத்தி புலம்பினாள். மழைக்கு இரண்டே வரி எழுதித் தந்தவள் அவள்தான். மழை பெய்தால் அப்பா வீட்டில் இருப்பார் என்று எழுதியதை நினைவூட்டினேன். "அது அப்பா, டீச்சர், இது வேற" என்றாள்.

இப்போதெல்லாம் அன்னவாசலுக்கே கடல் வருகிறது. பனிக்கட்டிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் இளைஞர் இருசக்கர வண்டியில் காலையில் எங்கள் தெருவுக்குள் நுழைகிறார். தெருப் பெண்கள் விலை கேட்பார்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், நேற்றைய மீனா என்று வம்புக்கு இழுப்பார்கள். நான் காற்று எப்படி என்று கேட்பேன். படகெல்லாம் திரும்பிவிட்டனவா என்று கேட்பேன். சென்ற வாரம் கேட்டபோது அவர் தராசை நேராக்கிக்கொண்டே, "ரெண்டு படகு பாக்கி, டீச்சர். கொண்டக் காத்து கொஞ்சம் கூடுதல். இன்னும் நேரமிருக்கு" என்றார். அரைக் கிலோ ஓரா வாங்கினேன். மறுநாள் அவர் வரும் வரையில் வாசலை நான்கு முறை பார்த்துவிட்டேன் என்று என் மருமகள் எண்ணிச் சொன்னாள்.