லொறிக்கு மூச்சு வந்த கதை

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு லொறி நிற்கிறது. இப்போது அதற்கு நீல நிறம். கதவின் உட்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தால் பழைய பச்சை தெரியும். ஒரு காலத்தில் அது இராணுவத்தின் லொறி. பாவனைக்கு உதவாது என்று கழித்து ஏலத்தில் விட்டதை ஒரு வியாபாரி எடுத்தார். அவரிடமிருந்து 2014 ஆம் ஆண்டு நாங்கள் வாங்கினோம்.

வாங்குவதென்று என் கணவர் சொன்னபோது நான் சம்மதிக்கவில்லை. அதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. இத்தகைய லொறிகள் நிற்கும்போது "புஸ்" என்று ஒரு காற்றுச் சத்தம் வரும். சிறுவயதில் இரவு நேரத்தில் எங்கள் ஒழுங்கை முகப்பில் அந்தச் சத்தம் கேட்டால் அப்பா விளக்கை அணைத்து விடுவார். 1997 ஆம் ஆண்டு ஓர் இரவு அந்தச் சத்தத்துக்குப் பிறகு அண்ணாவை வெளியே கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். ஆனால் வந்தவர் பழைய அண்ணா இல்லை. அந்தச் சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கி முற்றத்தில் நிறுத்துவதா என்று அழுதேன்.

என் கணவரோ, "இரும்புக்கு என்ன தெரியும்? அது ஓட்டுறவன் சொன்னதைத்தானே செய்யும்" என்றார். அவர் முன்பு லொறிச் சாரதி. 2009 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் ஷெல் பட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மீள்குடியேறிய பின் ஐந்து வருடம் கடைத்திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதர். ஒரு லொறி இருந்தால் என் தம்பி ஓட்டுவான், இவர் கணக்கு வழக்குப் பார்ப்பார், நெல்லும் செங்கல்லும் ஏற்றலாம் என்பது திட்டம். இறுதியில் என் தாலிக்கொடியைத் தவிர்ந்த நகையெல்லாம் அடைவுக்குப் போயின.

லொறி வந்து இரண்டாம் கிழமையே பிரச்சினை தொடங்கியது. காலையில் பார்த்தால் காற்றழுத்தம் காட்டும் முள் பூச்சியத்தில் கிடக்கும். எஞ்சினைப் போட்டு அரைமணி நேரம் உறும விட்டால்தான் லொறி அசையும். டீசல் வீணாகியது. ஏற்றத்துக்குச் சொன்னவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு லொறி பிடித்தார்கள். வந்து பார்த்த கராஜ்காரர், "அக்கா, கொம்பிரசர் முடிஞ்சுது. புதுசுதான் போட வேணும்" என்று ஒரு தொகை சொன்னார். எனக்குத் தலை சுற்றியது. அடைவு வைக்க இனித் தாலிக்கொடிதான் மிச்சம்.

அன்றிரவு கணவர் பாயில் இருந்து கொண்டு எனக்கு விளங்கப்படுத்தினார். பெரிய லொறிகளில் பிறேக் பிடிப்பது காற்று. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கொம்பிரசர் காற்றை அமுக்கித் தாங்கிகளில் நிரப்பும். பெடலை மிதித்தால் அந்தக் காற்று குழாய் வழியே ஒவ்வொரு சில்லுக்கும் போகும். அங்கே வட்டமான ஒரு பெட்டி, அதற்குள் ஒரு றப்பர் தட்டு. காற்று றப்பரைத் தள்ள, றப்பர் ஒரு தண்டைத் தள்ள, பிறேக் பிடிக்கும். பின் சில்லுகளில் இதற்கு மேலதிகமாக ஒரு பலத்த சுருள்வில் உண்டு. காற்று இல்லாவிட்டால் அந்த வில் தானாகவே சில்லை இறுக்கிப் பிடித்துவிடும். காற்று நிரம்பினால்தான் அது விடும். காலையில் லொறி அசையாததற்குக் காரணம் அதுதான்.

"அப்ப கொம்பிரசர் பழுதுதானே, என்னப்பா?" என்று கேட்டேன்.

"பழுதெண்டால் நூறு வரைக்கும் ஏறாது. இது சுணங்கியெண்டாலும் ஏறுது, பிறகு இறங்குது. எங்கேயோ ஒழுகுது. ஆனால் நான் கீழே பூர ஏலாதே" என்றார். கடைசி வார்த்தை சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் பூருறன்" என்றேன்.

மறுநாள் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்குற்றி வைத்தோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கொப்பியும் மணிக்கூடுமாக உள்ளே ஏறினாள். சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் வரை ஏற்றிவிட்டு எஞ்சினை நிற்பாட்டினோம். பத்து நிமிடத்தில் 65 என்று மகள் எழுதினாள். நிற்கிற லொறியில் நிமிடத்துக்கு 2 இறாத்தலுக்கு மேல் குறையக் கூடாது என்பார் அவர். அதன்பின் மறுபடியும் காற்றை ஏற்றினோம்.

"சவர்க்காரத்தை நுரை வரக் கரைச்சுக் கொண்டு வாரும். மூட்டு மூட்டாய்ப் பூசும். முட்டை முட்டையாய் நுரைச்சால் சொல்லும்" என்றார்.

உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரமும் ஒரு பழைய பெயின்ற் பிறஸ்சும் கொண்டு பழைய சாக்கில் படுத்தபடி கீழே போனேன். அடித்தட்டின் பச்சை நிறம் என் முகத்துக்கு மேலே ஒரு முழத் தூரத்தில் இருந்தது. முதலில் மூச்சு முட்டியது. பிறகு கை வேலையில் இறங்கியதும் பயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. ஒரு தாங்கியின் அடியிலுள்ள வடிகுழாய்த் திருகில் நுரை பொங்கியது. அடுத்து இன்னொரு தாங்கிக்கு வரும் குழாயின் மூட்டில் சிறு சிறு குமிழிகள்.

அவர் உள்ளே ஏறி, நல்ல காலால் பெடலை மிதித்துப் பிடித்தார். உடனே முன்பக்க இடது சில்லின் பெட்டியிலிருந்து "ஸ்ஸ்" என்ற சத்தம் வந்தது. றப்பர் தட்டு வெடித்திருந்தது. மிதிக்கும்போது மட்டும் ஒழுகுவதால் அது சும்மா நிற்கையில் தெரியவில்லை. இதோடு பாரம் ஏற்றி மழை நாளில் இறக்கத்தில் போயிருந்தால் என் தம்பியின் கதி என்ன என்று நினைத்தேன். கை நடுங்கியது.

தாங்கிகளின் காற்றை முழுவதும் திறந்து விட்டோம். காற்றோடு பால் நிறத் தண்ணீர் ஒரு வாளி அளவுக்கு வந்தது. காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடுமாம். எண்ணெய் அதிகம் கலந்திருக்கவில்லை. "கொம்பிரசர் நல்லாய்த்தான் இருக்கு" என்று அவர் சிரித்தார். ஐந்து வருடத்தில் அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை.

மூட்டையும் வடிகுழாய் வோஷரையும் மாற்றினேன். முன்பெட்டியின் வளையத்தைக் கழற்றிப் புதிய றப்பர் போட்டேன். பின்சில்லுப் பெட்டிகளைத் தொடவே கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உள்ளேயிருக்கும் வில் பாய்ந்தால் உயிர் போகும். வேலை முடிந்ததும் அவருக்குத் தெரிந்த பழைய பாஸ் ஒருவர் வந்து ஒவ்வொரு சில்லாகப் பார்த்து, "சரி" என்ற பிறகுதான் பாரம் ஏற்றினோம். சாமான்களுக்குச் செலவான பணம் கராஜ்காரர் கேட்டதில் ஒரு சிறு பங்கு. மறுநாள் காலை முள் 80க்கு மேல் நின்றது. மகள் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டாள்.

சகோதரிகளே, பிறேக் வேலை விளையாட்டல்ல. தெரியாமல் கை வைக்க வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் ஓடும் வாகனம், மோட்டார், தையல் மெஷின் எதுவானாலும் அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கேட்டு அறிந்து வையுங்கள். அறிந்தவளை ஏமாற்றுவது கடினம். லொறி உள்ளவர்கள் தினமும் தாங்கியின் தண்ணீரை வடித்து விட மறக்காதீர்கள்.

அடைவு வைத்த நகைகளை மூன்று வருடத்தில் மீட்டோம். என் அம்மா மட்டும் வெகு நாட்களாக லொறி வந்து நின்றதும் உள்ளறைக்குப் போய்விடுவார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் மாலை நான் கிணற்றடியில் நிற்கும்போது படலையில் "புஸ்" என்று கேட்டது. அம்மா குசினிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்:

"பிள்ளை, தம்பி வந்திட்டான். தேத்தண்ணிக்குத் தண்ணி வை."