மண்ணில் போட்ட பத்தாயிரம்

புதுக் காருக்குச் சேர்த்த பணத்தில் பத்தாயிரம் வெள்ளியைப் பெரியப்பா கேட்டார். வானொலியில் முதலீடு பற்றிப் பேசிப் பழகிய வாய், “எத்தனை விழுக்காடு கிடைக்கும்?” என்றது.

சுங்கை சிப்புட்டில் அவருக்கு ஐந்து ஏக்கர் செம்பனை. 25 வயதான மரங்களைச் சாய்த்துக் கன்று நட்டிருந்தார். “காய்க்க மூணு வருஷம் ஆகும்மா. அதுவரைக்கும் மருந்தடிச்சு மண்ணைச் சாகடிக்காம, கொடி போடுறேன்.”

கொடி என்றால் மூடுபயிர், அவரை இனம். அதன் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். மழையில் மண் அரித்துப் போகாது. ரப்பர் தோட்டத்தில் பாட்டியும் இதைத்தான் விதைத்தாராம். ஆனால் கொடி கன்றின் மேலேயே ஏறும். அடிக்கடி ஆள் வைத்து இழுத்துவிட வேண்டும். செலவே அதில்தான்.

கணவருக்கு மனமில்லை. இருந்தும் கொடுத்தேன்.

இரண்டு ஆண்டாகிறது. ஒரு வெள்ளியும் திரும்பவில்லை. தீபாவளிக்குப் போனபோது பெரியப்பா மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினார். சிமெண்டு போலிருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது, மண்புழு நெளிந்தது. கணவர் குனிந்து பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.

உங்களிடமும் இப்படி யாராவது கேட்டால், அவசரத்துக்கு வைத்த பணத்தைத் தொடாதீர்கள். காத்திருக்க முடிந்த பணத்தை மட்டும் கொடுங்கள். மண் தவணை தேதி பார்ப்பதில்லை.