ஆறடிக் கயிறு

ஊருக்கு ஃபோன் போட்டால் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கும் மழையா?" என்பதுதான். சியாட்டில் என்றால் ஓயாத மழை என்று எங்கள் ஊர் கடையத்தில்கூடத் தெரிந்திருக்கிறது. கணக்கைப் பார்த்தால் வேறு மாதிரி. வருஷம் முழுக்க இங்கே பெய்வது சுமார் 1,000 மில்லிமீட்டர். சென்னையில் 1,400. எங்களுக்கு வாய்த்தது தூறல்தான். நிஜமான மழையை மேற்கே ஒலிம்பிக் மலைகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பசிபிக்கிலிருந்து வரும் மேகம் அந்தச் சரிவில் சில இடங்களில் 3,500 மில்லிமீட்டருக்கு மேலும் கொட்டிவிட்டு, கை உதறிக்கொண்டு எங்கள் பக்கம் வருகிறது. மழையைக் கேரளாவுக்குக் கொடுத்துவிட்டுச் சாரலை நமக்கு அனுப்பும் மலையின் அடிவாரத்தில் வளர்ந்தவளுக்கு இது புதுக் கதை இல்லை.

அந்த மழையைப் பார்த்துவிடுவது என்று அக்டோபரில் ஒரு சனி ஞாயிறு கிளம்பினோம். நான், இவர், சுக்கு. சுக்கு எங்கள் நாய். காப்பகத்திலிருந்து கூட்டி வந்து நாலு வருஷமாகிறது. என்ன இனம் என்று டாக்டருக்கே தெரியவில்லை. நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தேன். குணமும் அதற்கேற்ற காரம்.

முதலில் போட்ட திட்டம் ஹோ மழைக்காடு. படங்களில் எல்லோரும் பார்த்திருப்பது அதைத்தான்: மேப்பிள் மரக் கிளைகளிலிருந்து பாசி ஜடை ஜடையாகத் தொங்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்புதான் விதிகளைப் படித்தேன். ஹோவின் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் பெரும்பாலான பாதைகளில் இதே கதை. விதிவிலக்காகச் சில பாதைகளும் சில கடற்கரைகளும் உண்டு. அங்கும் ஆறடிக்கு மேல் நீளமில்லாத கயிற்றில்தான் நாய் இருக்க வேண்டும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் ஊரில் நாய்க்குக் கயிறு என்று ஒன்றைப் பார்த்தே வளரவில்லை. அப்பா வயலுக்குக் கிளம்பினால் நாயும் கிளம்பும். அவர் திரும்பும்போது திரும்பும், சில நாள் திரும்பாது. கோபம் ஆறியபின் காரணத்தை யோசித்தேன். நாய் கடிக்க வேண்டும் என்பதில்லை. அது விட்டுப்போகும் வாடையே போதும், எல்க் மான் அந்தத் தடத்தை விட்டு விலகிப்போய்விடும். 1909இல் இந்த மலைகளை முதலில் பாதுகாத்ததே அந்த மான்களுக்காகத்தான். அப்புறம் 1938இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டு இதைத் தேசியப் பூங்காவாக்கினார். வாஷிங்டன் டி.சி.யில் அவருடைய நினைவிடத்தில் அவர் பக்கத்தில் ஃபாலா என்ற அவருடைய நாய்க்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. அந்த நாயே வந்தாலும் ஹோ பாதையில் விடமாட்டார்கள்.

பூங்காவை ஒட்டியே ஒலிம்பிக் தேசியக் காடு இருக்கிறது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் வீடு வேறு. பூங்கா உள்துறையின் கீழ் வருவது, மரத்தில் கை வைக்க முடியாது. காடு வேளாண் துறையின் கீழ் வருவது, அங்கே மரம் வெட்டி விற்பதும் நடக்கும். மரம் வெட்ட இடம் கொடுக்கிற காடுதான் சுக்குவுக்கும் இடம் கொடுக்கிறது. யோசித்தால் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனாலும் எங்களுக்கு வேறு வழியில்லை. சனிக்கிழமை கிளேலாக் கடற்கரை, ஞாயிறு குவினால்ட் ஏரிக்கரைக் காடு என்று திட்டம் மாறியது.

கிளேலாக் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டினால் 'கலலோச்' என்று வரும். அப்படிச் சொன்னால் பெட்ரோல் பங்கில் சிரிக்கிறார்கள். குவினால்ட் பழங்குடியினரின் சொல் அது. தோணியைக் கரையேற்ற நல்ல இடம் என்று பொருள். அங்கிருந்து வடக்கே ரூபி பீச் வரை நீளும் கரையில் நாய்க்கு அனுமதி உண்டு. ஒவ்வொரு கரைக்கும் பெயர் வைக்கச் சோம்பல் போலிருக்கிறது, பீச் 1, பீச் 2 என்று எண்ணிட்டுவிட்டார்கள்.

திருச்செந்தூர் கடலைப் பார்த்த கண்ணுக்கு இது கடலாகவே தெரியாது. எல்லாம் சாம்பல் நிறம். மணலுக்கும் காட்டுக்கும் நடுவே வெள்ளைவெளேரென்று பெருங்கட்டைகள் குவிந்து கிடக்கின்றன. ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த முழு மரங்கள். சில கட்டைகள் என் தோள் உயரம். உட்காரத் தோதாகத்தான் இருக்கும், உட்காரக் கூடாது. ஓதம் ஏறும்போது ஓர் அலை வந்து டன் கணக்கில் எடையுள்ள கட்டையைச் சும்மா புரட்டிவிடும். அப்படி மனிதர்கள் செத்திருக்கிறார்கள். இறங்கும் இடத்திலேயே எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. ஓதம் வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டுதான் நாங்கள் இறங்கினோம்.

கிளேலாக் முகாமிடத்துக்குக் கீழே, சரிவில் பிரபலமான ஒரு ஸ்ப்ரூஸ் மரம். அடியில் மண்ணை நீர் அரித்துக்கொண்டுபோய்க் குகையாக்கிவிட்டது. இரண்டு பக்கக் கரையிலும் வேரைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது மரம். இலை இன்னும் பச்சை. எல்லோரும் குகைக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுக்கு வேரை மோந்து பார்த்து, காலைத் தூக்கப் போனது. இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விபரீதம் நடந்தது ஓடை கடலில் கலக்கும் இடத்தில். அது சால்மன் மீன்கள் முட்டையிட ஆறேறும் காலம். கடற்காகங்கள் கொத்திப்போட்ட ஒரு மீன் தலை மணலில் கிடந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை, சுக்கு பார்த்தது. கயிறு ஆறடிதான், நியாயமான நீளம்தான். நான் இழுப்பதற்குள் இரண்டு முறை மென்று விழுங்கி, உதட்டை நக்கி, வாலை ஆட்டியது. நான் சிரித்தேன். மீன் தின்னாத நாய் உண்டா? எங்கள் வீட்டு நாய்கள் மத்தித் தலையிலேயே வளர்ந்தவை.

லாப்ரடாரோடு வந்த ஒரு பெரியவர் சிரிக்கவில்லை. "பச்சை மீனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இன்றைக்குத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்" என்றார்.

கட்டை ஓரமாக நின்றுகொண்டே அவர் விளக்கினார். இங்குள்ள ஓடைகளில் ஒரு நத்தை. அந்த நத்தையில் ஒரு தட்டைப்புழு. அந்தப் புழு சால்மன், டிரவுட் மீன்களின் உடம்பில் போய்க் குடியிருக்கும். அந்தப் புழுவுக்குள்ளே ஒரு கிருமி. பச்சை மீனைத் தின்ற கரடிக்கும் பூனைக்கும் ஒன்றும் ஆகாது. நாய்க்கு மட்டும் ஒரு வாரத்தில் காய்ச்சல், வாந்தி, ரத்தபேதி. கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் பிழைக்காது. கண்டுபிடித்துவிட்டால் சாதாரண டாக்சிசைக்ளின் மாத்திரையில் சரியாகிவிடும். சமைத்த மீனில் பயமில்லை. இதெல்லாம் இந்தப் பக்கத்துக் கரையோரத்தில் மட்டும்தான்; அதனால்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை.

இவர் மேட்டில் ஏறி சிக்னல் பிடித்து டாக்டரை அழைத்தார். அங்கேயும் அதே பதில்: தின்ற எல்லா நாய்க்கும் வருவதில்லை, இரண்டு வாரம் கண்ணை எடுக்காதீர்கள், சாப்பாட்டை ஒதுக்கினால் உடனே கொண்டு வாருங்கள். அன்று ராத்திரி அறைக்குள் நான் தூங்கவில்லை. வெளியே அலை. உள்ளே சுக்குவின் குறட்டை.

மறுநாள் குவினால்ட். நிஜ மழை அங்கேதான் கிடைத்தது. குடை பிடிக்கத் தோன்றாத மழை. மேலிருந்து விழுவது பாதி, இலையிலிருந்து சொட்டுவது பாதி. ஏரியின் தென்கரையிலுள்ள பாதைகள் தேசியக் காட்டைச் சேர்ந்தவை, கயிற்றோடு நாய் போகலாம். வில்லபி ஓடையை ஒட்டி நாலு மைல் சுற்றினோம். டக்ளஸ் ஃபர் மரங்களின் உச்சி தெரியவே இல்லை. விழுந்த மரத்தின் முதுகில் விதை விழுந்து, குட்டி மரங்கள் ஒரே வரிசையில் முளைத்திருக்கின்றன. இன்னொரு இடத்தில் கிழமரம் மக்கி மறைந்தே போய்விட்டது. அதன் மேல் வளர்ந்தவை, வேர்களுக்கு நடுவே வெற்றிடம் விட்டபடி வரிசையாக நிற்கின்றன, குந்தி எழப்போகிறவர்கள் மாதிரி.

நாயோடு நடந்தால் அண்ணாந்து பார்க்க முடியாது. அதன் மூக்கு போகும் இடத்துக்கு நம் கண்ணும் போயாக வேண்டும். அதனால்தான் அந்தத் தரையைப் பார்த்தேன். மரத்தடி முழுக்கப் புளியாரை! எங்கள் வாய்க்கால் வரப்பில் முளைக்கும் அதே மூவிலை, ஆனால் ஒவ்வொன்றும் நாலு மடங்கு பெரிது. பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஓடில்லாத நத்தை ஒன்று, விரலைவிட நீளம், பழுத்த வாழைப்பழம் போலவே கரும்புள்ளிகள். வாழைப்பழ நத்தை என்றே அதற்குப் பெயர். சுக்கு ஒரு நக்கு நக்கியது. அதன் வழவழப்பு நாக்கை மரக்க வைக்கும். சுக்கு நாக்கை வெளியே விட்டு, தும்மி, தலையைப் புளியாரையில் தேய்த்து, என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. மீன் தலைக்கு அப்படிப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் உலகிலேயே பெரியது என்று ஊர்க்காரர்கள் சொல்லும் சிட்கா ஸ்ப்ரூஸ். உயரம் 191 அடி, சுற்றளவு 58 அடி 11 அங்குலம், வயது ஏறக்குறைய ஆயிரம் என்கிறது பலகை. சுக்குவின் கயிறுபோல் பத்தை முடிச்சுப் போட்டால்தான் ஒரு சுற்று வரும். புளியாரைப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "துவையலுக்கு ஆகுமா?" என்று பதில் வந்தது.

ஹோவைப் பார்க்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இல்லை. அங்கே போயிருந்தால் தொங்கும் பாசியைப் படம் எடுத்திருப்பேன், புளியாரையைப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆறாம் நாள் சுக்கு காலைச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டது. மலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். புழு முட்டை எதுவும் இல்லை என்றார்கள். முந்தின ராத்திரி இவர் ரகசியமாகக் கொடுத்த இரண்டு இட்லிதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. பதினைந்தாம் நாள், இரண்டு வாரக் கெடு முடிந்ததென்று, காலண்டரில் நான் போட்டு வைத்திருந்த வட்டத்தை அடித்தேன்.

மீன் ஆறேறும் மாதங்களில் அந்தப் பக்கம் நாயோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓடை முகத்துக்கு வந்ததும் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். விதி ஆறடி வரை விடுகிறது. அந்த இடத்தில் மூன்றடி போதும்.