முழங்கால் வலிக்கு நம் ரத்தமே மருந்தா? தேக்காவிலிருந்து நொவீனா வரை விசாரித்தபோது

அக்காவுக்கு வயது 62. தேக்கா ஈரச்சந்தையில் மீன்கடை முன்னால் சற்று நேரம் நின்றாலே வலது முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடுகிறது. பலதுறை மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டுத் தேய்மானம், இன்னும் முற்றவில்லை என்று சொல்லி இயன்முறைச் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார்கள். சில வாரம் போனார், பிறகு விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்து சேர்ந்தது. அறுவை இல்லை, பக்கவிளைவு இல்லை, உங்கள் ரத்தமே உங்களுக்கு மருந்து என்று ஒரு குரல் உறுதியாகச் சொன்னது. பிஆர்பி ஊசி.

“பணம் கட்டுறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பார்த்துடுவோம்க்கா” என்றேன்.

“நீ கூட வந்தாத்தான் கேட்பேன். டாக்டர் முன்னாடி உட்கார்ந்தா எனக்கு வாயே வராது” என்றார். நம் வீடுகளில் பெரும்பாலான பெரியவர்களின் நிலை இதுதான். சனிக்கிழமை காலையில் கிளம்பினோம்.

பிஆர்பி, அதாவது பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா என்பதன் அடிப்படை எளிமையானது. கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்கள். உறையாமல் இருக்க மருந்து கலந்த குழாயில் விட்டு, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் சில நிமிடம் சுழற்றுகிறார்கள். சிவப்பணுக்கள் கனமானவை, அடியில் தங்கிவிடும். மேலே மஞ்சள் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். டெங்கி வந்த வீடுகளில் எல்லோரும் எண்ணிக்கை பார்த்துக் கவலைப்படும் பிளேட்லெட்டுகள் அந்த மஞ்சள் நீரில் அடர்த்தியாகச் சேர்ந்திருக்கும். காயம் ஆறுவதற்கு உதவும் புரதங்களை அவை வெளிவிடுவதால், வலிக்கும் இடத்தில் அவற்றையே ஊசியாகப் போட்டால் திசு தேறும் என்பது எதிர்பார்ப்பு. ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க முக அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் தாடை எலும்பைச் சீரமைக்கும் அறுவையில் இதைப் பயன்படுத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது. அடுத்து விளையாட்டு வீரர்களிடம் போனது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2010இல் தசையில் போடும் பிஆர்பி ஊசியைத் தடைப்பட்டியலில் வைத்து, 2011இல் எடுத்துவிட்டது. பிறகு முடி, முகம், முழங்கால் என்று எல்லா விளம்பரங்களுக்கும் வந்துவிட்டது.

சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டிப் பக்கத்துத் தெரு ஒன்றில், கடைவீட்டு மாடியில் இருந்த அழகு நிலையத்துக்கு முதலில் ஏறினோம். அக்காவின் தோழி ஒருவர் சொல்லியனுப்பிய இடம். முடி உதிர்வுக்குச் செய்கிறார்கள், முழங்காலுக்கும் ஆள் வருவார் என்று சொல்லியிருந்தார். வரவேற்பில் இருந்த பெண் மிகவும் அன்பாகப் பேசினார். அக்காவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஊசி போடுவது யார் என்று கேட்டேன்.

“டாக்டர்தான் சார். வெளியிலேருந்து வருவார்.”

“அவர் பேர்?”

“முன்பணம் கட்டி நாள் குறிச்சதும் சொல்வோம்.”

இந்த ஒரு பதில் போதும், எழுந்து வந்துவிடலாம். காரணத்தைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் தொழில் செய்யும் எந்த டாக்டரின் பெயரையும் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும், காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். எங்கே படித்தார், முழுப் பதிவா நிபந்தனையுடன் கூடிய பதிவா, தொழில் செய்வதற்கான சான்றிதழ் எந்தத் தேதிவரை செல்லும், எங்கே வேலை பார்க்கிறார், சிறப்பு மருத்துவர் என்றால் எந்தத் துறையில் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயரை மறைப்பவர்கள் இத்தனையையும் சேர்த்தே நம்மிடமிருந்து மறைக்கிறார்கள். பதிவு பெற்ற டாக்டர் ஒருவருக்குத் தன் பெயரை ஒளித்துவைக்க எந்தத் தேவையும் இல்லை.

படியிறங்கி ஐந்தடிப் பாதையில் நின்றபடியே அக்காவின் கைப்பேசியில் பதிவேட்டைத் திறந்தேன். காணொளியில் கோட் போட்டுக்கொண்டு பேசிய டாக்டரின் பெயரைத் தேடினோம். பதிவு இருந்தது. காணொளியில் அவரை அழகியல் நிபுணர் என்று போட்டிருந்தார்கள். பதிவேட்டில் சிறப்புத் துறை எதுவும் இல்லை. அவர் தகுதியில்லாதவர் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது, முறையாகப் படித்த பொது மருத்துவர்தான். ஆனால் அழகியல் என்பது இங்கே அங்கீகரிக்கப்பட்ட சிறப்புத் துறை இல்லை. தோல் மருத்துவம் உண்டு, எலும்பு மூட்டு அறுவை உண்டு, பிளாஸ்டிக் அறுவை உண்டு. அழகியல் சிகிச்சைகளில் எதற்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்று வகை பிரித்து, யார் எதைச் செய்யலாம் என்ற வழிகாட்டி நெறிகள் 2008ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. “அப்ப நிபுணர்னு போடுறது?” என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும்.

விளம்பரத்தைப் பற்றியும் ஒன்று. சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவதையும், குணமானவர்கள் புகழ்வதுபோன்ற வாசகங்களைப் போடுவதையும் சிங்கப்பூரின் மருத்துவ விளம்பர விதிகள் தடுக்கின்றன. அக்காவுக்கு வந்த காணொளியில் இரண்டுமே இருந்தன. விளம்பரத்திலேயே விதியை மதிக்காத இடம், ஊசி முனையின் சுத்தத்தில் மட்டும் விதியை மதிக்கும் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

அடுத்து எங்கள் குடும்ப மருந்தகத்துக்குப் போனோம். சின்ன இடம், எப்போதும் கூட்டம். டாக்டருக்கு அக்காவைப் பல வருடமாகத் தெரியும்.

“நான் இதைச் செய்யறதில்லைம்மா” என்று சொல்லிவிட்டு விளக்கினார். முகப் பொலிவுக்கும் முடி வளர்வதற்கும் பிஆர்பி போட சுகாதார அமைச்சு இங்கே மருந்தகங்களை அனுமதிப்பதில்லை, அதற்கான சான்று போதவில்லை என்பதே காரணம் என்றார். மூட்டு, தசைநார் போன்றவற்றுக்கு எலும்பு மூட்டு மருத்துவர்கள் தருகிறார்கள், அவர்களிடம் போய்க் கேளுங்கள் என்று குறிப்பெழுதிக் கொடுத்தார். அக்கா தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எழுதிக் கையில் தந்தார். அதில் இதயத்துக்கான ஆஸ்பிரின் இருந்தது. பிளேட்லெட்டின் வேலையை மட்டுப்படுத்தும் மாத்திரை அது. பிஆர்பிக்கு முன்னால் சில வலி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்துக்காக எடுப்பதை நாமாக நிறுத்தவே கூடாது, அதற்கு எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்க வேண்டும். காணொளியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

மாடி நிலையத்தில் முடிக்கு ஊசி போடுவதாகச் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டு ஊழியத் தம்பிகள் பலர் முப்பது வயதுக்குள்ளேயே முடி கொட்டுவதை எண்ணி வருந்துகிறார்கள். ஊரில் பெண் பார்க்கிறார்கள், படம் கேட்கிறார்கள். மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை இப்படி ஒரு மாடியில் கொண்டுபோய்க் கொடுப்பவரைக் கண்டால் தயவுசெய்து யாராவது தடுத்து நிறுத்துங்கள்.

ஃபேரர் பார்க், நொவீனா, ஆர்ச்சர்ட் என்று எலும்பு மூட்டு மருந்தகங்கள் இந்தப் பக்கம் ஏராளம். பதிவேட்டில் பார்த்து, எலும்பு மூட்டு அறுவைத் துறையில் பதிவுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுத்து, இன்னொரு நாள் நொவீனாவில் அவரைச் சந்தித்தோம். ஆலோசனைக் கட்டணம் எவ்வளவு, ஊசிக்கு எவ்வளவு, எத்தனை ஊசி, காப்புறுதி ஏற்குமா, முழங்காலைத் தாங்கும் கருவி தனிக் கணக்கா என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டு, மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டேன். எழுத்தில் தரத் தயங்காதது நல்ல அடையாளம்.

டாக்டர் முதலில் அக்காவை நடக்கச் சொன்னார். காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு எங்கே இடைவெளி குறைந்திருக்கிறது என்று காட்டினார். அதன் பிறகுதான் ஊசியைப் பற்றிப் பேசினார். நான் குறித்துவைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

இது வேலை செய்யுமா என்றதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். “சிலருக்கு வலி குறையுது. யாருக்குக் குறையும்னு முன்கூட்டிச் சொல்ல என்னால முடியாது. தேய்ஞ்ச குருத்தெலும்பு திரும்ப வளரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.” ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2021இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. 50 வயதைத் தாண்டிய, மிதமான முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று பிஆர்பி ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்பிலும் வலி குறைந்திருந்தது, ஏறக்குறைய ஒரே அளவில். குருத்தெலும்பின் அளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறு சில ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்திருப்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் தயாரிக்கும் முறை வேறு, பிளேட்லெட்டின் அடர்த்தி வேறு, அதனால் முடிவுகளும் வேறுபடுகின்றன என்றார். தன்னிடம் வாங்கினால் தனக்கு வருமானம் வரும் ஒரு சிகிச்சையின் பலவீனத்தை அவரே எடுத்துச் சொன்னதைக் கேட்டபோது என் மனம் நிறைந்தது.

தயாரிக்கும் அறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். நோயாளி யாரும் இல்லாத நேரம் என்பதால் தாதி அழைத்துப் போனார். மூடி முத்திரையிட்ட பொதியில் ஒருவருக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குழாயும் ஊசியும் இருந்தன. பொதியின் மேல் காலாவதித் தேதி. ரத்தம் எடுத்ததும் நோயாளியின் பக்கத்திலேயே பெயரும் அடையாள எண்ணும் ஒட்டி, அவரிடமே வாசித்துக் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் குழாய் இயந்திரத்துக்குப் போகும் என்றார். மூட்டுக்குள் ஊசி போகும் வழியைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் கருவி பக்கத்தில் நின்றது.

பெயர் ஒட்டுவது சின்ன வேலைபோலத் தெரியும். அதைச் செய்யாத ஓர் இடத்தில் என்ன நடந்தது என்பதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் முகத்துக்கு இந்த ரத்தச் சிகிச்சை எடுத்த ஒரு பெண்ணுக்கு 2018இல் எச்ஐவி இருப்பது தெரியவந்தது. அவருக்கு அது வந்திருக்கக்கூடிய வேறு வழி எதுவும் தெரியவரவில்லை. அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள் சமையல் மேடையில் இருந்தன. குளிர்பெட்டியில் உணவோடு ரத்தமும் ஊசிமருந்தும் கிடந்தன. கருவிகளைக் கிருமிநீக்கும் இயந்திரம் இல்லை. அந்த நிலையத்தோடு தொடர்புடைய எச்ஐவி பாதிப்புகள் மொத்தம் 5 என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024இல் அறிக்கை வெளியிட்டது. தன் ரத்தம்தானே, என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். திரும்ப உள்ளே வருவது தன் ரத்தம்தான் என்பதற்கு அந்த ஒட்டுச்சீட்டுதான் சாட்சி.

செலவு குறைவு என்று ஜொகூர் பாருவுக்கும் சென்னைக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். போவது தவறில்லை, இரண்டு ஊரிலும் சிறந்த மருத்துவர்கள் உண்டு. மலேசியாவில் அழகியல் சிகிச்சை செய்யும் பொது மருத்துவர் அதற்கென்று சுகாதார அமைச்சிடம் தனிச் சான்றுக் கடிதம் பெற்றிருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்கள் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டும். டாக்டரின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஊசி போட்ட மறுநாள் மூட்டு வீங்கிக் காய்ச்சல் அடித்தால் யாரை அழைப்பது என்பதையும் புறப்படுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மூட்டுக்குள் கிருமித்தொற்று அரிது, ஆனால் வந்தால் காத்திருக்கக்கூடாது.

நொவீனா டாக்டர் அன்று ஊசி போடவில்லை. பாதியில் விட்ட பயிற்சியை மூன்று மாதம் முழுதாகச் செய்யுங்கள், தொடைத் தசை வலுப்பட்டாலே பாதி வலி போகலாம், எடையையும் கொஞ்சம் குறையுங்கள், அப்புறமும் வலித்தால் வாருங்கள், பேசுவோம் என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: “பரவாயில்லடா, இவர்கிட்ட நானே கேள்வி கேட்டுட்டேன்.” இப்போது மறுபடியும் இயன்முறைச் சிகிச்சைக்குப் போகிறார்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த ஊசிக்கு ஆசைப்பட்டால், முதலில் டாக்டரின் முழுப்பெயரைக் கேட்டுப் பதிவேட்டில் பாருங்கள். பெயர் தராத இடத்தில் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். அம்மாவோ அப்பாவோ தனியாகப் போகிறேன் என்றாலும் விடாதீர்கள். பிள்ளைகளில் ஒருவர் அரைநாள் விடுப்பெடுத்துக் கூடவே போய், அவர்களுக்காக வாய் திறந்து கேளுங்கள்.