முற்றத்துக் கல்லும் மாதகற் கடலும்

உடுவிலிலே கடல் இல்லை. ஊரைச் சுற்றிச் செம்மண் தோட்டம், வாழை, வெங்காயம், புகையிலை. அவற்றுக்கு அப்பாற் பனை. கடலைக் காண விரும்புவோன் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களைக் கடந்து வடக்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் செல்ல வேண்டும். இத்தகைய ஊரில் ஒருவன் தன் வீட்டு விறாந்தையிற் கடலைக் கொண்டுவந்து வைத்து வளர்க்கத் தொடங்கினால் அயலார் என்ன சொல்வார்கள்? "மாஸ்டருக்குப் பள்ளிக்கூட வேலை காணாது போலை" என்றார்கள். அவர்கள் சொன்னதிற் பெரும் பிழை இல்லை.

இந்தப் பைத்தியத்துக்கு வித்திட்டவர் கனடாவிலே ரொறன்ரோ நகரில் வாழும் என் மைத்துனர். 2021ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் அவர் தொலைபேசியில் முகம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது தம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியையும் காட்டினார். யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. உள்ளே நீல ஒளியில் முருகைகள் விரல் விரித்து நிற்கின்றன. செம்மஞ்சள் மீன் இரண்டு அவற்றினிடையே ஓடி விளையாடுகின்றன. அப்பொழுது பதினொரு வயதாயிருந்த என் மகள் நெடுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்:

"அப்பா, கடல் இல்லாத இடத்திலை மாமா கடல் வைச்சிருக்கிறார். எங்களுக்கு நாலு பக்கமும் கடல். எங்கடை வீட்டிலை ஏன் இல்லை?"

நான் விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியன். பதினெட்டு ஆண்டுகளாக ஆண்டுதோறும் கரும்பலகையில் முருகை உயிரியின் படத்தை வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்து வருபவன். வாயைச் சுற்றிப் பரிசக்கொம்புகள் இத்தனை, அதன் உடலுக்குள்ளே குடியிருந்து உணவு சமைத்துக் கொடுக்கும் நுண்ணிய அல்காக்கள், அது கட்டும் சுண்ணாம்பு வீடு என்று அடுக்கடுக்காகச் சொல்வேன். உயிருள்ள முருகையை நேரிற் கண்டேனா என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தலை குனிந்திருப்பேன். எனக்குப் பத்து வயதாக இருந்த 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்குக் கரை போரினால் எங்களுக்கு அடைபட்டது. 2009இற்குப் பின் சிறிது சிறிதாக அது திறந்தபோது நான் குடும்பஸ்தன். கடலுக்கு அருகிலே பிறந்தும் கடலைப் புத்தகத்திற் படித்த தலைமுறை எங்களது.

ஆகவே மகளின் கேள்வி என்னைத் தைத்தது. "வைப்பம் பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

முதல் தடை முருகையே. ரொறன்ரோவில் கடலுப்பைப் பொதியாக வாங்கி நீரிற் கரைக்கிறார்கள். முருகையைப் பண்ணைகளிலே துண்டு துண்டாக வளர்த்து விற்கிறார்கள். இலங்கையிலோ கல்முருகைகள் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. கடலிலிருந்து பிடுங்கி எடுப்பது குற்றம். அது நியாயமான சட்டம் என்பதே என் கருத்து. 1998ஆம் ஆண்டிற் கடல் அளவு மீறிச் சூடேறியபோது, முருகைகள் தமக்குள்ளிருந்த அல்காக்களை வெளியே தள்ளிவிட்டு வெளிறின. இத்தீவின் தெற்கு, மேற்குக் கரையோரங்களில் ஆழம் குறைந்த இடங்களிலிருந்த முருகைகளிற் பெரும்பகுதி மடிந்தது. எஞ்சியதை விறாந்தைக்குக் கொண்டுவர எனக்கு என்ன உரிமை உண்டு? மகளுக்கு இதைச் சொன்னேன். முகம் வாடினாள். பின்பு, "அப்ப முருகை இருக்கிற கல்லுக்குப் பதிலா வேறை கல்லு வைப்பமே?" என்றாள்.

வேறு கல்லுக்கா எங்கள் ஊரிற் பஞ்சம்? ஒரு சாண் செம்மண்ணைக் கிளறினாற் சுண்ணாம்புக்கல். அது மயோசீன் காலத்திலே, அதாவது ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், கடலடியிலே சிப்பியும் முருகையும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகியது. அக்கல்லிலேதான் கிணறு வெட்டினோம். அதனை அடுக்கித்தான் மதில் கட்டினோம். முற்றத்து மதிலடியிற் கிடந்தவற்றுள் துவாரம் மிகுந்த கற்கள் நான்கைத் தேர்ந்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி வைத்தாள் மகள். ஒன்றில் ஒரு சிப்பியின் தடம் தெளிவாக இருந்தது. அந்தக் கல் முன்பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவள் கட்டளை.

தொட்டி ஒன்றரை அடி நீளம். அகலமும் உயரமும் பத்துப் பத்து அங்குலம். மேல்விளிம்பில் இடைவெளி விட்டு ஊற்றினால் இருபத்தைந்து லீற்றர் நீர் கொள்ளும். கடல் என்று சொல்வதற்கு இது சற்றுக் குறைவுதான்! தொட்டி சிறிதானால் வேலையும் சிறிது என்று எண்ணியிருந்தேன். இதைவிடப் பெரிய தவறு இல்லை. பெருங்கடலிற் கடல்நீரின் உப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம். அப்படியானால் என் தொட்டியில் 875 கிராம் உப்பு இருக்கும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சில நாட் பாராமுகமாக இருந்து நீர் இருபத்திரண்டு லீற்றராகக் குறைந்தால், உப்பு லீற்றருக்கு 40 கிராம் அளவுக்கு ஏறிவிடும். ஆகையால் குறைந்த நீரை நன்னீரால் நிரப்ப வேண்டுமேயன்றிக் கடல்நீரால் நிரப்பலாகாது. எங்கள் கிணற்று நீரும் உதவாது. அதிலே சுண்ணாம்பு மிகுதி. தோட்டங்களுக்கு அள்ளி இடும் பசளையால் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றும் மிகுதி. அல்கா செழிக்க அதுவே போதும். எனவே முற்றத்தில் அண்டா வைத்து மழைநீர் பிடித்தோம். "குடிக்கிறதுக்குப் பிடிச்சு வைச்ச அண்டா அது" என்று என் மனைவி நினைவூட்டினார். அது முதல் எச்சரிக்கை.

2022 தை மாதத்தில் இரண்டு கொள்கலன்களோடு கீரிமலைக்குப் போய், கேணிக்கு அருகே கரையோரத்தில் இறங்க வசதியான இடத்திலே நீர் அள்ளிவந்தேன். கல்லை அடுக்கி, மணல் பரப்பி, காற்றுக் குழாயைப் பொருத்தி, ஒரு வாரம் முடியுமுன்னே வெற்றுச் சங்குகளுக்குட் குடியிருக்கும் சிறு நண்டுகள் மூன்றையும் கடல் நத்தை இரண்டையும் விட்டேன். ஆறாம் நாள் ஒரு நண்டு சங்கை விட்டு வெளியே கிடந்தது. எட்டாம் நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. மகள் அழவில்லை, அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவற்றைச் செவ்வரத்தை மரத்தடியிற் புதைத்துவிட்டு வந்து, தொட்டிப் பக்கம் திரும்பாமற் பாடம் படிக்க உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு மாதகலுக்குப் போனேன். வலை திருத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என் கொள்கலன்களைப் பார்த்து விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"கேணியடியிலையோ அள்ளினீங்கள், மாஸ்டர்? அங்கை கடலுக்குள்ளையே நல்ல தண்ணி ஊறுதெல்லே. மாரி முடிஞ்ச கையோடை உப்புக் காணாது."

எனக்கு நாணம் மேலிட்டது. ஆடி அமாவாசையிலே தந்தைக்குரிய கடன் செய்து அக்கேணியில் எத்தனை முறை மூழ்கியிருக்கிறேன்! கடலலை தெறிக்கும் தூரத்திலே நன்னீர் ஊறும் அதிசயத்தை மாணவருக்கு விளக்கியும் இருக்கிறேன்: குடாநாட்டில் விழும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, நிலத்துக்கடியில் ஓடி, கரையோரத்தில் வெளிப்படுகிறது என்று. அறிவு வகுப்பறையில் இருந்தது, கொள்கலன் கையில் இருந்தது, இரண்டும் சந்திக்கவில்லை. வீட்டுக்கு வந்து நீர்மானியை மிதக்கவிட்டேன். 1.025 என்று காட்ட வேண்டிய இடத்தில் 1.018 காட்டியது. நீர் ஊற்றுமுன் செய்திருக்க வேண்டிய வேலை.

உப்பு மட்டுமே குற்றவாளி அன்று. என் அவசரமும் ஒன்று. உயிர்களின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சு. அதனை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், வேறொருவகை நைத்திரேற்றாகவும் மாற்றும். இப்பற்றீரியாக்கள் கல்லின் துவாரங்களிலே குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டி வெறுமையாக இருக்க வேண்டும். யக்கார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர் படிந்த கற்களும் காற்றுக் குமிழிகளும் இருந்தால் வீட்டிலேயே முருகைத் தொட்டியைப் பேணலாம் என்று 1961ஆம் ஆண்டிலேயே அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் எழுதியிருக்கிறார். அவருக்குப் பொறுமை இருந்தது.

இம்முறை அம்முதியவர் காட்டிய இடத்தில், முழங்கால் ஆழத்துக்கு அப்பாற் சென்று அள்ளினோம். ஒரு பிடி மணலும் கரையொதுங்கிய சாதாளையிற் சிறிதும் கொண்டுவந்தோம். ஆறு வாரம் ஒன்றும் விடவில்லை. கற்கள் முதலிற் கபில நிறமாயின, பின்பு பச்சையாயின. ஒருநாள் இரவு கைவிளக்கின் ஒளியில், எள்ளிலும் சிறிய ஏதோ ஒன்று கண்ணாடியில் ஊர்வதை மகள் கண்டாள். நாங்கள் விடாத ஓர் உயிர்! மணலோடு வந்திருக்க வேண்டும். அன்று அவள் உறங்க நெடுநேரமாயிற்று. பங்குனி நடுப்பகுதியிற் பாறைக்குழி ஒன்றிலிருந்து சுண்டுவிரல் அளவிலான உளுவை இனத்துச் சிறுமீன் ஒன்றைக் கொணர்ந்தோம். வந்த அன்றே சிப்பித் தடம் பதிந்த கல்லின்கீழ் வளை தோண்டிக் குடிபுகுந்தது.

அப்பொழுது பார்த்து நாட்டில் மின்சாரம் போயிற்று. அந்தப் பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை வாசகர் மறந்திருக்கமாட்டார். காற்றுக்குழாய் நின்றது. சூடேறிய நீர் ஒட்சிசனைக் குறைவாகவே தாங்கும். வெப்பமானி 31 பாகை காட்டியது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிற்று. மின்கலத்தில் ஓடும் காற்றுக்குழாய் கடைகளில் இல்லை. ஆகவே சிரட்டை அகப்பையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினோம். நான் அரை மணி, மகள் அரை மணி. மூன்றாம் இரவு, குடிநீர் அண்டாவுக்காக என்னோடு பிணங்கியிருந்தவரும் வந்து அகப்பையை வாங்கிக்கொண்டார். "நீங்கள் போய்ப் படுங்கோ, விடிய வகுப்பிருக்கு."

அந்த இருட்டிலே மகளுக்கு ஒரு கதை சொன்னேன். 1846ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அன்னா தைன் என்னும் அம்மையார் கடலிலிருந்து உயிருள்ள முருகைகளைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துக் காத்தார். காற்றுக்குழாய் இல்லாத காலம். திறந்த யன்னலருகே நின்று பணிப்பெண் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீரை மாற்றி மாற்றி ஊற்றினாளாம். "அந்தப் பணிப்பெண்ணின்ரை பேர் என்ன?" என்று கேட்டாள் மகள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

மீன் பிழைத்தது. ஆனால் வெயிலும் மின்வெட்டும் தொடர்ந்தன. ஆனி மாதம் பெற்றோலும் இல்லாமற் போக, புதுநீர் கொணர்ந்து மாற்றுவதும் அரிதாயிற்று. மீன் வளையை விட்டு வெளியே வருவது குறைந்தது. ஒரு காலை மகள், "இதைக் கொண்டுபோய் விடுவம், அப்பா" என்றாள்.

எனக்கு மனமில்லை, ஒப்புக்கொள்கிறேன். கல்லூரிக் கண்காட்சியில் அத்தொட்டியை வைத்து மாணவரிடையே பெருமை கொள்ளலாம் என்ற ஆசை உள்ளே இருந்தது. இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம் என்றேன். அவள் மறுமொழி சொல்லவில்லை. மூடியுள்ள போத்தல் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சைக்கிளில் அவளைப் பின்னே ஏற்றிக்கொண்டு மாதகலுக்குப் போனோம். நாலு மைல் போனதும் என் மூச்சு மீனின் மூச்சைப்போல் ஆயிற்று. எடுத்த அதே பாறைக்குழியிலே விட்டோம். (எடுத்த கடலிலேயே விட்டதால் இது தகும், கடையில் வாங்கிய மீனை ஒருபோதும் கடலில் விடலாகாது.) போத்தலைச் சரித்ததும் ஒரு கணம் அசையாமல் நின்றது, பிறகு கல்லிடுக்கில் மறைந்தது. திரும்பும்போது போத்தல் நிறையக் கடல்நீர் கொண்டுவந்தோம்.

தொட்டியை நாங்கள் கலைக்கவில்லை. மின்சாரம் சீரான பின் மாதந்தோறும் நீர் மாற்றி வருகிறோம். அதில் இப்பொழுது மீன் இல்லை. கல்லும் சாதாளையும், தாமே வந்த சிறு பூச்சிகளும், ஒரு சங்கு நண்டும் இருக்கின்றன. மைத்துனர் பேசும்போதெல்லாம், "எங்கை பிள்ளை உங்கடை முருகை?" என்று கேலி செய்வார். மகள் சிப்பித் தடமுள்ள கல்லைக் காட்டுவாள். அக்கல்லின் இடப்பக்கத்தில் மிளகளவு ஓர் இளஞ்சிவப்புப் புள்ளி தோன்றியிருந்தது. கல்லின் மேலே சுண்ணாம்பைப் படியவைத்து வளரும் அல்கா அது. முருகைப்பாறைகளை ஒட்டிப் பிணைத்து வைப்பது இவ்வினமே.

மாதத்தின் முதல் நாளில் அடிமட்டத்தைக் கண்ணாடியின் மேல் வைத்து அப்புள்ளியை அளந்து, சுவரிலுள்ள நாட்காட்டியிற் குறித்து வைக்கிறாள். சென்ற முறை ஒன்பது மில்லிமீற்றர். மழைநீர் அண்டாவுக்கு மூடி ஒன்றை என் மனைவி வாங்கி வந்திருக்கிறார்.