மாவு கொத்திய குருவி

கிடார் என்றால் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆடுகிற வாத்தியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1964-ல் எங்கள் அண்ணாச்சி கப்பல் வேலையிலிருந்து லீவில் கொற்கைக்கு வந்தபோது கொண்டுவந்த கிடாரோ, சமர்த்துக் குழந்தை மாதிரி மடியில் மல்லாந்து படுத்துக்கொண்டது! அண்ணாச்சி இடது கையில் ஓர் எஃகுத் துண்டை எடுத்துத் தந்திமேல் இழுத்தார். சுரம் பாகு மாதிரி நீண்டது.

"நம்ம கோட்டு வாத்தியந்தானல இது! இதுக்கா கல்கத்தா வரை போனே?" என்றாள் அம்மை.

அம்மை சொன்னதில் பிசகில்லை. இரண்டிலும் தந்தியை விரலால் அழுத்துவதில்லை. கட்டையை நகர்த்தித்தான் சுரம் பிடிக்க வேண்டும். ஆனால் இந்த முறை ஹவாய்த் தீவில் கிளம்பி, கல்கத்தாவில் பல வீடுகளுக்குள் புகுந்துவிட்ட ஒன்று. அங்கே பெண்களும் பழகினார்களாம்.

அண்ணாச்சி வாசித்ததோ ஹவாய்ப் பாட்டுமல்ல, கீர்த்தனையுமல்ல. பிரேசிலில் சான்டோஸ் துறைமுகத்தில் காப்பி மூட்டை ஏற்றக் கப்பல் காத்துக் கிடந்தபோது காதில் விழுந்த மெட்டு. 'டிக்கோ டிக்கோ நோ ஃபுபா' என்று பெயர். ஸெக்கிஞா டி அப்ரேயு என்பவர் 1917-ல் அமைத்தது. டிக்கோ டிக்கோ அந்த ஊர்க் குருவி. ஃபுபா என்றால் சோளமாவு. முற்றத்தில் மாவு காயவைத்துக் காவல் இருந்த நமக்கு இதற்கு உரை வேறு வேண்டுமா?

"அந்நிய தேசத்துப் பாட்டு நமக்கு எதுக்கு?" என்று அம்மை விடவில்லை.

"நீ பாயசத்துல போடுதியே அண்டிப்பருப்பு, அதுவும் பிரேசில்ல இருந்து போர்த்துகீசியன் கொண்டாந்ததுதாம்மா!" என்றார் அண்ணாச்சி. முந்திரியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். அம்மை வாயடைத்துப் போனாள். முத்து விற்ற துறைமுகத்துக்காரி, கடல் கடந்தது என்று எதைத் தள்ளுவாள்? ஆறு மண் கொட்டிக் கொட்டிக் கடல்தான் எங்களைவிட்டுப் பல மைல் தள்ளிப் போயிற்றே தவிர, பழக்கம் போகவில்லை.

14 வயதில் நானும் பழகினேன். குருவி தத்த வேண்டும், கட்டையோ வழுக்கும். சங்கடமே அதில்தான். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்குப் போகையில் நடுவில் உள்ளதெல்லாம் இழுபட்டுக் குழையும். ஆலாபனைக்கு அது அழகு, குருவிக்கு ஆகாது. மீட்டியவுடன் வலது உள்ளங்கை ஓரத்தால் தந்தியைத் தொட்டு ஒலியை வெட்டிவிட்டு, அந்த நிசப்தத்தில் கட்டையை நகர்த்த வேண்டும். நான் வெட்டத் தவறினால் அண்ணாச்சி பேசமாட்டார். கட்டையால் தந்தியில் 'டொக்'கென்று ஒரு தட்டு.

18 வயதில் திருநெல்வேலியில் வாழ்க்கைப்பட்டேன். கிடார் கொற்கையிலேயே தங்கிவிட்டது. 'நீ எடுத்துப் போயேன்' என்று அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற மனத்தாங்கல் எனக்கு நெடுநாள் உண்டு.

சென்ற வருஷம் அண்ணாச்சிக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று.

"ஆரு வந்தாலும் சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்காக" என்று மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பரணிலிருந்து கிடாரை இறக்கச் சொன்னேன். தந்தியெல்லாம் துரு. புதுத் தந்தி வாங்கி மாட்டவே இரண்டு நாளாயிற்று. கட்டிலில் அவருக்கு வலப்புறம் உட்கார்ந்து, இருவர் மடியிலுமாக அதைப் படுக்கவைத்து, அவருடைய இடது கையில் கட்டையைக் கொடுத்தேன். அது நல்ல கை அல்லவா? வலது கையின் வேலை என்னுடையது.

வெகுநேரம் கட்டை அசையவில்லை. மதினி அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு மெல்ல நகர்ந்தது. நான் மீட்டினேன். பதற்றத்தில் வெட்ட மறந்தேன். குருவி மாவில் வழுக்கி விழுந்தது!

'டொக்!'

இப்போது சனிக்கிழமைதோறும் பஸ் ஏறுகிறேன். பாதி வேகந்தான், குருவி தத்தவில்லை, நடக்கிறது. போன வாரம் எனக்கு இரண்டு தட்டு விழுந்தது.