நிறுத்தும் கயிறு

தமிழ்த்துறை மலரில் அமெரிக்க மகிழுந்தைப் பற்றி ஒரு கட்டுரையா எனப் புருவம் உயர்த்துவோர் இருக்கக்கூடும். இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் எமக்கு ஊர்தித் தொழிலோடு உறவில்லை என்பது உண்மையே. ஆயினும் அத்தொழிலின் வரலாறு எம் வகுப்பறைக்குள் நுழைந்து எம்மையே ஒரு கேள்வி கேட்டது. அதனைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

மகிழுந்து உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் எம் மைத்துனர், சென்ற ஆண்டு பெருநாள் விடுமுறைக்கு வந்திருந்தார். உலகிற்கே மகிழுந்து செய்யக் கற்பித்த அமெரிக்கர் ஜப்பானியரிடம் ஏன் பின்தங்கினர் என்று பேச்சு திரும்பியது. "உழைக்காமல் கூலி உயர்வு கேட்டால் வேறென்ன ஆகும்?" என்றோம் யாம். அவர் சிரித்தார். "கூலிக்காரன் தலையில் பழி போடுவது எளிது மச்சான். ஃப்ரீமாண்ட் தொழிற்சாலையின் கதையைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். படித்தோம்.

அமெரிக்கரின் தொடக்கப் பெருமை சிறிதன்று. 1913இல் ஹென்றி ஃபோர்டு, நகரும் வரிசையில் வண்டியைக் கோக்கும் முறையைப் புகுத்தினார். 12 மணி நேரத்திற்கு மேல் பிடித்த அடிச்சட்டப் பணி, மறு ஆண்டிலேயே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. 1960களின் தொடக்கத்தில் அந்நாட்டில் விற்ற மகிழுந்துகளில் ஏறத்தாழப் பாதி, ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் ஒரே நிறுவனத்தினுடையவை. வெற்றி வளர வளர, யாம் தருவதை மக்கள் வாங்குவர் என்னும் இறுமாப்பும் வளர்ந்தது. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, அந்நிறுவனங்கள் பெரிய வண்டிகளையே பெரிதும் நம்பியிருந்தன. அவை செய்த சிறிய வண்டிகளோ நற்பெயர் எடுக்கவில்லை. சிக்கனமான, எளிதில் பழுதாகாத வண்டியை நாடியவர்கள் ஜப்பானியரிடம் சென்றனர். 1981இல் ஜப்பானிய இறக்குமதிக்கு வரம்பு கட்டப்பட்டது. ஆனால் 1982இல் ஹோண்டா நிறுவனம் ஒஹாயோ மாநிலத்திலேயே, அமெரிக்கத் தொழிலாளரைக் கொண்டே மகிழுந்து செய்யத் தொடங்கிற்று. உள்ளே வந்துவிட்ட போட்டியை வேலி எவ்வாறு தடுக்கும்?

இனி ஃப்ரீமாண்டுக்கு வருவோம். கலிபோர்னியாவிலுள்ள அவ்வூரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலை 1982இல் மூடப்பட்டது. நிர்வாகமும் தொழிலாளரும் பகைவராய் நின்ற இடம் அது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வாராத நாள்கள் இருந்தன. பழுதோடு வந்த வண்டிக்காகவும் வரிசை நிற்பதில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அங்கு வழக்கம்.

1984இல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக அதே தொழிற்சாலையைத் திறந்தன. நிர்வாகம் டொயோட்டாவினுடையது. தொழிலாளரோ பெரும்பாலும் பழையவரே; தொழிற்சங்கமும் பழையதே. அவர்களில் நூற்றுக்கணக்கானோர் ஜப்பான் சென்று பயின்று வந்தனர். வரிசையின் மேலே ஒரு கயிறு கட்டப்பட்டது. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் அதனை இழுக்கலாம். குழுத்தலைவர் உடனே வருவார். குறை தீராவிடின் வரிசை நிற்கும். இழுத்தவரை எவரும் கடிந்துகொள்வதில்லை. சில ஆண்டுகளுக்குள் அங்கு உருவான வண்டிகள் ஜப்பானில் செய்தவற்றோடு ஒப்பிடத்தக்க தரம் பெற்றன. வாராதோர் தொகை நூற்றுக்கு இரண்டு, மூன்று என்னும் அளவுக்குக் குறைந்தது. ஆள் மாறவில்லை, ஆளை மதித்த முறை மாறிற்று.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 1950இல் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்குத் தரக் கட்டுப்பாட்டைக் கற்பித்தவருள் முதன்மையானவர் எட்வர்ட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்கர். மறு ஆண்டே அவர் பெயரால் அந்நாட்டினர் பரிசு நிறுவினர். அவருடைய சொந்த நாட்டுத் தொழிலுலகமோ, 1980இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்த பின்னரே அவரைப் பரவலாகத் திரும்பிப் பார்த்தது.

ஃப்ரீமாண்டில் கற்றதைத் தன் பிற தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசெல்ல ஜெனரல் மோட்டார்ஸ் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. உலக விற்பனையில் அதனை டொயோட்டா 2008இல் முந்தியது. 2009 ஜூன் முதல் நாள் அது நொடிப்பு மனு அளித்தது. கயிறு ஒன்றே காரணம் என்பது மிகையாகும். ஓய்வு பெற்றோரின் மருத்துவச் செலவும் பெருஞ்சுமையாய் இருந்தது. இறக்குமதிச் சிறு சரக்குந்துகள்மீது 1964 முதல் விதிக்கப்பட்ட 25 விழுக்காட்டு வரியின் நிழலில் பெரிய வண்டிகளின் இலாபம் சுகமளித்ததும் உண்மை. டொயோட்டாவும் 2009, 2010 ஆண்டுகளில் பல இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. ஆயினும் கீழிருந்து எழும் குரலைக் கேளாமையே அமெரிக்கரின் வீழ்ச்சிக்கு வேர் என்பது எம் துணிபு. தவறு கண்டு கடிந்துரைப்பாரைத் துணைக்கொள்ளாத வேந்தனுக்குப் பகைவரே வேண்டுவதில்லை என்னும் கருத்தை வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வைத்திருப்பது நினைவுக்கு வந்தது.

கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதற்குச் சில திங்கள் முன்னர், இளங்கலை வகுப்பில் பதிப்பு வரலாறு நடத்திக்கொண்டிருந்தோம். சிலப்பதிகாரத்தை உ.வே.சாமிநாதையர் 1887இல் பதிப்பித்தார் எனப் பழைய குறிப்பேட்டிலிருந்து சொன்னோம். மூன்றாம் வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, 1887இல் வந்தது சீவக சிந்தாமணி அல்லவா? சிலம்பு 1892 என்று படித்தேன்" என்றார். "உட்காரப்பா, முதலில் பாடம் முடியட்டும்" என்றோம். பாடம் முடிந்தது; ஐயம் முடியவில்லை. பின்னர் நடந்த தேர்வில் வகுப்பு முழுவதும் 1887 என்றே எழுதியிருந்தது. உண்மை அறிந்த அம்மாணவரும் அவ்வாறே எழுதியிருந்தார். யாமும் சரியெனக் குறியிட்டு மதிப்பெண் வழங்கினோம்!

பழுதுடன் கடந்து சென்ற அந்த வண்டிகளை நினைத்தபோது எமக்கு உறக்கம் வரவில்லை. விடுமுறை முடிந்ததும் வகுப்பில் நின்று, "தவறு எம்முடையது, சரியான ஆண்டு 1892. உங்கள் தோழர் அன்றே சொன்னார், யாம் கேட்கவில்லை" என்றோம். அவர் தலைகுனிந்து சிரித்தார். சிறிது நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது. அந்த ஐயம் பாடத்தோடு தொடர்பில்லாததுதான். ஆயினும் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டோம். அன்றைய பாடம் முடியவில்லை.